கடனா, ஊர்ப்பணமா?

பெரிய தயாரிப்பாளர் இல்லாமல் எடுக்கும் சுயாதீனப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? கேரளத்தில் இரண்டு வழிகள் இருந்தன. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் 1972இல் வந்த தன் ‘சுயம்வரம்’ படத்தை எடுக்க மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்தது. விண்ணப்பம், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் கணக்கு தெளிவு.

இன்னொரு மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் வேறு ரகம். தமிழில் நம்ம ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தைத் தந்த அதே ஜான்தான். 1984இல், மக்களிடமே பணம் திரட்டிப் படம் எடுக்க ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, நண்பர்களோடு ஊர் ஊராகப் போனார். சாப்ளினின் ‘தி கிட்’டைத் திரையிட்டு, பார்த்தவர்களிடமே கையேந்தி, சில்லறை சில்லறையாகச் சேர்த்தார்கள். 1986இல் ‘அம்ம அறியான்’ வந்தது. காசு கொடுத்தவரே பார்வையாளர்! மறு வருடமே ஜான் இறந்துபோனார்.

என் மனசு ஜான் பக்கம்தான். ஆனாலும் குடும்பம் இருக்கிற தம்பி கேட்டால், முதல் படத்துக்குக் கடன் வழியைத்தான் சொல்வேன்.