புரொஜெக்ட் நேமிங்: பழைய படத்தில் நிற்பவர் யாரென்று ஊரிடமே கேட்கும் சேவை

பழைய படம், பழைய பதிவு என்றால் சோறு தண்ணி மறந்து உட்காருகிற ஆட்கள் மட்டக்களப்பில் கொஞ்சப் பேராவது இருக்கிறோம், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் 'புரொஜெக்ட் நேமிங்' என்று ஒரு வேலை செய்கிறது. வடக்கே பனிப்பிரதேசத்தில் வாழும் இனுவிட் மக்களின் பழைய படங்களை இணையத்தில் போட்டு, இதில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அந்த மக்களிடமே கேட்டு எழுதி வைக்கிறார்கள். 2002இல் தொடங்கியது, 2015இல் மற்றப் பூர்வகுடிகளின் படங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை.

இப்படி ஒரு வேலை ஏன் தேவைப்பட்டது என்றால், அந்தப் படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து போனவர்கள். அரசாங்க உத்தியோகத்தர், பாதிரிமார், பத்திரிகைக்குப் படம் எடுத்தவர்கள். எடுத்தவரின் பெயரும் வருடமும் ஒழுங்காக இருக்கும், கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற மனுசிக்கு மட்டும் 'எஸ்கிமோப் பெண்' (எஸ்கிமோ என்பது வெளியார் இனுவிட்டைக் கூப்பிட்ட பெயர்) என்று போட்டு விட்டுவிடுவார்கள். நமக்கு இது புதிதல்ல. கொழும்பு ஸ்டூடியோக்கள் அந்தக் காலத்தில் அச்சடித்து விற்ற தபாலட்டைகளில் 'தமிழ்ப் பெண், சிலோன்' என்று நிற்கிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அங்கே நடந்தது அதைவிடக் கொடுமை. இனுவிட்டுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பதிவுக்கு அது கஷ்டம் என்று 1941இலிருந்து கனடிய அரசாங்கம் ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து, அதை ஒரு சின்ன வட்ட வில்லையில் பொறித்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னது. கிழக்குப் பக்கத்தார் இலக்கத்துக்கு முன்னால் 'ஈ', மேற்குப் பக்கத்தாருக்கு 'டபிள்யூ'. பிறகு 1968இலிருந்து 1971 வரை ஏப் ஒக்பிக் என்ற இனுவிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிந்தார். நமக்கும் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு வரும், குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. வெளிநாட்டுப் படிவத்தில் அந்தப் பெட்டியை நிரப்ப நம் ஆட்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி உறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சேவையில் எனக்கு ஆகப் பிடித்தது வேலை தொடங்கிய விதம். ஒட்டாவாவில் இனுவிட் இளைஞர் படிக்கும் நுனாவுட் சிவுனிக்சாவுட் என்ற கல்லூரியோடு சேர்ந்து தொடங்கினார்கள். பிள்ளைகள் படங்களை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், வயதானவர்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். நிபுணர் யாரும் தேவைப்படவில்லை, ஊர்க் கிழவிக்குத் தெரிந்ததுதான் ஆவணம். பெண்கள் பிள்ளையை முதுகில் வைத்துக் கொண்டுபோகிற பெரிய தொப்பி வைத்த மேலங்கி இருக்கிறதே, அமௌட்டி, அதன் வெட்டு ஊருக்கு ஊர் வேறு. படத்தில் முகம் மங்கிப் போனாலும் உடுப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும்.

ரிச்சர்ட் ஹாரிங்டன் 1950இல் பட்லேயில் எடுத்த படங்களைக் கட்டாயம் பாருங்கள். ஹட்சன் குடாவுக்கு மேற்கே, உட்பகுதியில் இருக்கும் இடம் அது. அந்தக் குளிர்காலம் கரிபூ மான் கூட்டம் அந்தப் பக்கம் வரவில்லை, மான் வராவிட்டால் இறைச்சியும் இல்லை, குளிருக்குப் போடத் தோலும் இல்லை, பட்டினி. ஒரு தாய் பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து மூக்கால் உரசிக் கொஞ்சுகிற படம் ஒன்று அதில் இருக்கிறது. நான் அதை விட்டு நகர முடியாமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்துக்குக் கீழே 'எஸ்கிமோத் தாய்' என்று மட்டும் இருப்பதும், அவளுக்கு ஒரு பெயர் இருப்பதும் ஒன்றாகவே முடியாது.

பசியும் பனியும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ரோஸ்மேரி கிலியட் என்ற படக்காரி 1960இல் வடக்குக்குப் போய் எடுத்த வண்ணப் படங்களும் அதே காப்பகத்தில் இருக்கின்றன. வண்ணத்தில் பார்க்கும்போது அது ஏதோ தூரத்து வரலாறாக இல்லாமல் நம் அல்பத்தில் உள்ள நாட்களைப் போலத் தெரிகிறது.

அப்புறம், வெளியார் கமராவுக்குள் மட்டும் நிற்காமல் பீட்டர் பிட்சியோலக்கையும் தேடிப் பாருங்கள். கேப் டோர்செட்காரர், இனுவிட் மனிதர், 1973இல் காலமானார். முதல் படத்தை அவர் எடுத்தது ஒரு வெள்ளைக்காரருக்காக. அவருக்குத் துருவக்கரடிக்குக் கிட்டப் போகப் பயம், கமராவை இவரிடம் கொடுத்துவிட்டார். மறுகா சொந்தமாக ஒன்று வாங்கி, பனிவீட்டுக்குள்ளேயே, டோர்ச் லைட்டைச் சிவப்புத் துணியால் மூடி, மனைவி அகியோக்கோடு சேர்ந்து படம் கழுவியிருக்கிறார். அவருடைய நெகடிவ்கள் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தன் சனத்தைத் தானே எடுத்த படத்தில் நிற்கிறவர்கள் வேறு மாதிரித்தான் நிற்கிறார்கள், முகத்தில் அந்த விறைப்பு இல்லை.

குறை சொல்வதென்றால், பழைய தலைப்புகள் இன்னும் நிறைய இடத்தில் அப்படியே கிடக்கின்றன, வாசிக்க வலிக்கும். தேடுவதும் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான். போன் திரையில் பார்த்தால் பாதி விவரம் போய்விடும், கணினியில் பாருங்கள்.

படங்களோடு பதிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் முழுக்கதை. 1950இலிருந்து சி.டி.ஹோவ் என்ற கப்பல் எக்ஸ்ரே இயந்திரத்தோடு வடக்கே போய், கசநோய் கண்டவர்களைத் தெற்கே உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றிக்கொண்டு வந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை, எங்கே அடக்கம் செய்தார்கள் என்றுகூட வீட்டுக்குச் சொல்லப்படவில்லை. 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ வடக்கே உள்ள இகாலுயிட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார், கல்லறைகளைக் குடும்பங்கள் கண்டுபிடிக்க உதவும் நனிலாவுட் என்ற திட்டமும் அப்போது அறிவிக்கப்பட்டது. இதை மட்டக்களப்பில் இருந்து வாசிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும். அங்கே காப்பகத்தில் படம் இருக்கிறது, பெயரில்லை. இங்கே எத்தனையோ தாய்மார் கையில் பிள்ளையின் படமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, என்ன நடந்தது என்ற பதிவுதான் எங்கேயும் இல்லை.

78 சூறாவளியும் 90களும் 2004 சுனாமியும் போக நம்மிடம் மிஞ்சிய படங்கள் கொஞ்சம்தான். அதிலும் வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தில் முடியும் உடுப்புமாக வரிசையில் நிற்கிறவர்களில் அண்ணாவியாரைத் தவிர யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றால் எப்படி? நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளம் படங்களைச் சேர்க்கிறது, அதில் போடுவதற்கு முன் பெயர் தேட வேண்டியது நாம்தான். கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் படுவான்கரையில் உள்ள தங்கள் பெத்தாவிடம் ஒரு விடுமுறைக்கு மடிக்கணினியைக் கொண்டுபோனாலே நிறைய வரும், ஆனால் சுணங்கினால் கேட்க ஆள் இருக்காது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முதல்முறை போகிறவர்கள் ஊர்களைப் பழைய பெயரிலும் தேடுங்கள்: இகாலுயிட்டுக்கு ஃப்ரோபிஷர் பே, குக்ளுக்டுக்குக்குக் கொப்பர்மைன், ஆர்வியட்டுக்கு எஸ்கிமோ பொயின்ட், கின்கைட்டுக்குக் கேப் டோர்செட். புதுப் பெயரை மட்டும் போட்டால் நிறையப் படங்கள் அகப்படாது.