வாரம் ஒரு முகம், தொடருக்கு ஒரு முகம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில், இந்தி டிவி நடிகர்களில் அப்பாவுக்குப் பிடித்தவர் சதீஷ் ஷா, எனக்கு பங்கஜ் கபூர். யார் உசத்தி என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

1984இல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யில் குடும்பம் அதேதான், சதீஷ் ஷா மட்டும் வாரத்துக்கு ஒரு புது ஆளாக வருவார். அரை மணி நேரத்துக்குள் அந்த ஆளை நம்ப வைத்து, அடுத்த வாரமே மொத்தமாக அழித்துவிட வேண்டும். பாட்டிக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் குரலைக் கேட்டதுமே "இன்னிக்கு வேற ஆளுடா" என்று சிரித்துவிடுவார்.

பங்கஜ் கபூர் அப்படி அவசரப்பட மாட்டார். 1985இல் 'கரம்சந்த்': கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறியும் மிடுக்கு. 1993இல் 'ஜபான் சம்பால்கே'யில் இந்தி வாத்தியார். அப்புறம் 2001இல் 'ஆபீஸ் ஆபீஸ்' முசத்திலால், மேசை மேசையாக அலைக்கழிக்கப்படும் சாமானியர். கரம்சந்தின் துள்ளல் இவரிடம் துளியும் கிடையாது. தோள் தொங்கியிருக்கும், கையில் ஃபைல், அதிகாரிகள் லஞ்சம் கேட்கும்போதுகூடக் கோபத்துக்கு முன்னால் ஒரு கெஞ்சல் வரும். ரேஷன் கடை வரிசையில் அந்த முகத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

அதே தொடரில் சஞ்சய் மிஸ்ரா, மனோஜ் பாஹ்வா, தேவன் போஜானி எல்லாம் வாரம் ஒரு அலுவலகத்தில் வேறு வேறு ஆளாக உட்கார்ந்திருப்பார்கள். சதீஷ் ஷாவின் வித்தைக்கு அவர்கள் நெருங்கிய சொந்தம் என்பது அப்பாவின் கட்சி. சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தில் சதீஷ் ஷாவை மிஞ்ச ஆளில்லை. மனதில் தங்குவது எனக்கு முசத்திலால்தான்.