பக்கத்து ஊர்ப் பையனா, நாடு முழுக்கத் தேடிய நட்சத்திரமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கோச்சுக்குப் பாதி வேலை மைதானத்துக்கு வெளியேதான். பள்ளி ஆட்டங்களுக்கு அலைய வேண்டும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேச வேண்டும், பதினேழு வயதுப் பையனைத் தன் கல்லூரிக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்தப் பையனை எங்கே தேடுவது என்பதில்தான் இரண்டு கட்சி. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் டாம் இஸ்ஸோ ஒன்று. 2009 முதல் 2024 வரை கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த ஜான் கேலிபரி மற்றொன்று.

இஸ்ஸோவின் கதை ஃப்ளின்டில் தொடங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர் அது. கார் ஆலைகள் மூட மூட நொடிந்துபோனது. கல்லூரியிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். முதலில் அன்டோனியோ ஸ்மித் வந்தார். அவர் படித்த அதே ஃப்ளின்ட் நார்தர்ன் பள்ளியிலிருந்து மட்டீன் கிளீவ்ஸ். அதே ஊரின் வேறு பள்ளிகளிலிருந்து மோரிஸ் பீட்டர்சன், சார்லி பெல். 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளூரில் ஒருவன் போய் நன்றாக இருந்தால், அடுத்தவனை அழைக்கக் கோச் அதிகம் பேச வேண்டியதில்லை. 2000 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கணுக்கால் பிசகி வெளியேறிய கிளீவ்ஸ் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஃப்ளோரிடாவை 89-76 என வென்றார்கள். அப்போது அவருக்குக் கல்லூரியில் நான்காம் ஆண்டு, பீட்டர்சனுக்கு ஐந்தாம் ஆண்டு.

கேலிபரிக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்படவில்லை. பள்ளி முடித்து ஓராண்டு கழித்தே தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குள் நுழையலாம் என்று 2006-இல் வந்த விதியை, அந்த ஓராண்டை என்னிடம் கழியுங்கள் என்று மாற்றிக்கொண்டார். சிகாகோவின் அந்தோனி டேவிஸ், நியூ ஜெர்சியின் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் என்று திரட்டி 2012-இல் தேசிய சாம்பியன் பட்டம் வென்றார். அந்த அணியிலும் மேஸ்வில் என்ற கென்டக்கிச் சிற்றூரின் டேரியஸ் மில்லர் நான்காம் ஆண்டு மாணவராக இருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு பார்த்தால் இஸ்ஸோவுக்கு மிச்சிகன் ஸ்டேட்டிலும் கேலிபரிக்குக் கென்டக்கியிலும் சாம்பியன் பட்டம் ஒன்றுதான். ஆனால் கென்டக்கியில் கேலிபரி எட்டிய நான்கு அரையிறுதிகளும் முதல் ஆறு பருவங்களுக்குள் முடிந்துவிட்டன. இஸ்ஸோவின் எட்டு அரையிறுதிகள் 1999 முதல் 2019 வரை பரவிக் கிடக்கின்றன. என் ஓட்டு இஸ்ஸோவுக்கே. 2015-இல் 38 ஆட்டங்கள் தோற்காமல் வந்த கென்டக்கியை வீழ்த்தியதும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம்தானே. ஷெபோய்கனின் சாம் டெக்கர், லா கிராஸின் பிரான்சன் கோனிக் இருவரும் அந்த மாநிலத்துப் பையன்கள். நான்காம் ஆண்டில் இருந்த ஃபிராங்க் கமின்ஸ்கி பக்கத்து இல்லினாய்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பக்கத்தில் ஒரு ஃப்ளின்ட் இருந்தால்தான் இது நடக்கும். கொன்ஸாகா பல்கலைக்கழகத்துக்கு அது இருக்கும் ஸ்போகேன் நகரமே, பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஜான் ஸ்டாக்டனைத் தந்தது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் ஒரு ஸ்டாக்டன் விளையுமா? லித்துவேனியக் குடும்பத்தின் டொமான்டாஸ் சபோனிஸ், ஜப்பானின் ருயி ஹாச்சிமுரா என்று கடல் தாண்டித்தான் தேடினார்கள்.

2021-க்குப் பிறகு இன்னொரு சிக்கல். ஆட்டக்காரர்கள் ஓராண்டு ஆடாமல் உட்காராமலே கல்லூரி மாறலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம். 2022-இல் ஜெர்சி சிட்டியின் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ், பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பையன்களை வைத்துக்கொண்டு கென்டக்கியை 85-79 எனக் கூடுதல் நேரத்தில் சாய்த்தது. பருவம் முடிந்ததும் கோச் ஷஹீன் ஹாலோவே செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டக் எடெர்ட், டேரில் பேங்க்ஸ் உட்பட முக்கிய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.