சீசரின் போர்க் குறிப்புகள்: பன்னிரண்டு ஆண்டு வாசிப்பும் ஒரு குளிர்கால மனத்தாங்கலும்

சென்ற வாரம் பைண்டரிடமிருந்து புத்தகம் திரும்பி வந்தது. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், காலியாவில் (இன்றைய பிரான்ஸும் அதன் சுற்றுப்புறமும்) தான் நடத்திய போரைப் பற்றி எழுதிய காலியப் போர்க் குறிப்புகள். ஆங்கில மொழிபெயர்ப்பு, பேப்பர்பேக். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்தாம் பாகத்தில் முதுகு பிளந்து, தாள்கள் கொத்தாகக் கழன்றுவிட்டன. மற்றப் பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எங்கே அதிகம் திறந்தேன் என்பது அந்தப் பிளவைப் பார்த்தாலே தெரியும். அதே வாரத்தில் நண்பர் ஒருவரும் கேட்டார்: வரலாறு படிக்கும் மகளுக்கு இதை வாங்கித் தரலாமா என்று. அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கி.மு. 58இல் தொடங்கும் போர், ஏழு பாகங்கள் சீசருடையவை, எட்டாவது அவருடைய அதிகாரி ஹிர்டியஸ் எழுதிச் சேர்த்தது என்பதெல்லாம் பின்னட்டையிலேயே இருக்கிறது. நடையின் தெளிவைப் புகழ இனி நான் தேவையில்லை. என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்துவது ஒரே ஒரு விஷயம். குளிர்காலம் வந்ததும் இந்த மனிதர் பேனாவை மூடிவிடுகிறார்.

ஐந்தாவதைத் தவிர, அவர் எழுதிய எல்லாப் பாகங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முடிகின்றன. படைகளைக் குளிர்காலப் பாசறைகளில் அமர்த்தினார், அவ்வளவுதான். பல பாகங்களில் அதையடுத்து அவர் வழக்கு விசாரிக்க ஆல்ப்ஸ் மலைக்கு இத்தாலிப் பக்கம் வந்துவிடுவார், அல்லது இத்தாலிக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த ஆண்டின் சண்டை. நடுவில் இருந்த மாதங்கள் எங்கே? கூதிர்ப்பாசறை, அதாவது குளிர்காலப் போர்ப்பாசறை, என்று இதற்கென்றே ஒரு சொல்லை நம் பழைய இலக்கணம் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பழகிய வாசகனுக்கு இந்த மௌனம் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

ரோமானியர் ஏன் நின்றார்கள் என்பதில் புதிர் இல்லை. குதிரைக்கும் பொதி விலங்குக்கும் புல் வேண்டும். புல் வசந்தத்தில்தான் முளைக்கும். தானியத்தைச் சேறான பாதையில் வண்டி இழுக்காது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கப்பல்களுக்குக் கடல் மூடியிருக்கும் என்று போர்க்கலை பற்றி எழுதிய பிற்காலத்து வெஜீஷியஸ் கணக்குச் சொல்கிறார். அவர்களுடைய ஆண்டே போரை ஒட்டித்தான் அமைந்திருந்தது. போர்த் தெய்வம் மார்ஸின் பெயர் கொண்ட மார்ச் மாதத்தில் ஆயுதம் எழும். அக்டோபர் 19இல் அதைத் தூய்மைப்படுத்திச் சடங்கு செய்து உள்ளே வைப்பார்கள். எனவே சண்டை இல்லாத மாதங்களை எழுத வேண்டிய அவசியம் ஒரு தளபதிக்கு இல்லை என்று வாதிடலாம். நானும் அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு.

ஆனால் அந்த மாதங்களில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள். பாசறைக் குடிசைகளுக்குக் காலியர் வழக்கப்படி வைக்கோல் வேய்ந்திருந்தது என்பதே, எதிரி அதில் நெருப்பு வைக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதற்குச் சுமார் 150 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் வடக்கே விண்டோலாண்டா கோட்டையில் இருந்த ஒருவருக்கு வந்த மரச்சீவல் கடிதம் இன்று கிடைத்திருக்கிறது. காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்புகளும் இரண்டு ஜோடி உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு சீவல் தரும் குளிர் சீசரின் பல பாகங்களில் இல்லை. ரோமானியத் தளபதி கோர்புலோவின் ஆர்மீனியப் பாசறையைப் பற்றி வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுவதைப் பாருங்கள். விறகுக் கட்டைச் சுமந்து வந்த வீரனின் கைகள் சுமையோடு உறைந்து ஒட்டி, அப்படியே அற்று விழுந்தன என்கிறார். அங்கே இல்லாத ஒருவரால் இவ்வளவு சொல்ல முடிந்திருக்கிறது. தன் படைகளை நடத்திய சீசர் சொல்லவில்லை.

இனி ஐந்தாம் பாகம். கி.மு. 54. மழை பொய்த்து அந்த ஆண்டு காலியாவில் விளைச்சல் குறைவு. ஒரே இடத்தில் எல்லாரையும் வைத்தால் தானியம் போதாது. அதனால் வழக்கத்துக்கு மாறாகப் படையைப் பிரித்துப் பல இனங்களின் நாடுகளில் வைத்தேன் என்று சீசரே எழுதுகிறார். இதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஒன்றரை லெஜியன் (லெஜியன் என்பது சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு) எபுரோன்கள் என்ற காலிய இனத்தின் நாட்டில் சபினஸ், கோட்டா என்ற இரு அதிகாரிகளின் கீழ் தனியாக நின்றது. பாசறை அமைத்துச் சுமார் பதினைந்து நாள்தான், கிளர்ச்சி. எபுரோன்களின் தலைவன் ஆம்பியோரிக்ஸ் நட்பாகப் பேசி, வெளியேறினால் பாதுகாப்பாகப் போகவிடுவதாக வாக்களிக்கிறான். கோட்டா மறுக்கிறார்: தானியம் இருக்கிறது, அரண் இருக்கிறது, இங்கேயே இருப்போம். சபினஸ் பயப்படுகிறார். வாக்குவாதம் நள்ளிரவுவரை நீள்கிறது, கோட்டா விட்டுக்கொடுக்கிறார். விடியலில் பெரும் மூட்டை முடிச்சுகளோடு நீண்ட வரிசையாகக் கிளம்புகிறார்கள். சுமார் இரண்டு மைல் தூரத்தில் பள்ளத்தாக்கு. முன்னும் பின்னும் அடைபட்டுவிட்டார்கள். பாசறைக்குத் திரும்பி ஓட முடிந்த சிலரும் இரவில் நம்பிக்கை இழந்து தங்களையே மாய்த்துக்கொண்டார்கள். காட்டு வழியே தப்பி, சீசரின் இன்னொரு அதிகாரி லபியேனஸின் பாசறையை அடைந்தவர்கள் மிகச் சிலர்.

பிறகு சீசர் படையினரிடம் பேசும்போது, இந்த இழப்பு அதிகாரியின் தவறாலும் அசட்டுத் துணிச்சலாலும் நேர்ந்தது என்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வரியில் எனக்குக் கோபம் வருகிறது. சபினஸ் ஏமாந்தது உண்மை. ஆனால் அந்தக் குளிரில் அவரை அவ்வளவு தூரத்தில் வைத்தது யார்? இதே பாகத்தில் முன்னால் எழுதிய வறட்சியை இங்கே ஒரு சொல்லாலாவது நினைவுபடுத்தக் கூடாதா? பழிதீர்க்கும்வரை முடியும் தாடியும் மழிக்காமல் சீசர் இருந்ததாக, அவருடைய வாழ்க்கையை எழுதிய ஸ்யூட்டோனியஸ் சொல்கிறார். அந்தத் துக்கத்துக்கு இவருடைய பக்கங்களில் இடமில்லை.

இருந்தும் அதே பாகத்தில், அந்தப் பேச்சுக்கு முன்னால், என்னை இந்தப் புத்தகத்தோடு கட்டிப்போட்ட பகுதி வருகிறது. புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் தம்பி குவிண்டஸ், நெர்விகள் என்ற இனத்தின் நாட்டில் முற்றுகையில் சிக்கியிருக்கிறார். உடல்நலம் சரியில்லாதவர், இரவிலும் ஓய்வெடுக்காத அவரை வீரர்களே வற்புறுத்தி ஓய்வுக்கு அனுப்புகிறார்கள். பாசறைக்காகச் சேர்த்து வைத்திருந்த மரத்தைக் கொண்டு ஒரே இரவில் 120 கோபுரங்கள் எழுகின்றன. ஏழாம் நாள், பெருங்காற்றில், பழுக்கக் காய்ந்த களிமண் உருண்டைகள் வைக்கோல் கூரைகளில் விழுகின்றன. தங்கள் உடைமைகள் எரிவது தெரிந்தும் ஒருவரும் அரணிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. உதவி வருகிறது என்று சீசர் கிரேக்க எழுத்தில் எழுதிய ஓலை ஈட்டியோடு கோபுரத்தில் குத்தி நிற்கிறது. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை, மூன்றாம் நாள்தான் ஒருவன் பார்க்கிறான். சீசர் சுமார் 7000 பேரோடு வந்து சேரும்போது, காயம் படாதவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு அவரும் இத்தாலிக்குப் போகவில்லை. படையோடு இன்றைய பிரான்ஸின் அமியான் நகருக்கு அருகில் தங்கிவிட்டார்.

ஏழாம் பாகத்தில் குளிரே அவருக்கு ஆயுதமாகிறது. கி.மு. 52 தொடக்கம். செவென் மலையைச் சுவராக நம்பி ஆர்வெர்னிகள் என்ற காலிய இனத்தார் கவலையற்றிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் தனியாள்கூட அதைக் கடந்ததில்லை. வீரர்கள் ஆறடிப் பனியை வெட்டி விலக்கி மறுபக்கம் இறங்குகிறார்கள். இதற்கு அவர் கொடுத்திருப்பது சில வரிகள்தான். எத்தனை பேர் விரல் இழந்தார்கள், என்ன உண்டார்கள் என்று ஒன்றும் இல்லை.

பலரும் தாண்டிப் போகும் எட்டாம் பாகத்தை நான் கொஞ்ச நாளாகத்தான் மதிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஹிர்டியஸின் நடை சுமார்தான். ஆனால் டிசம்பர் 31 அன்று சீசர் பிப்ராக்டே என்ற காலிய ஊரிலிருந்து கிளம்பினார் என்று நாளைச் சொல்கிறார். நாற்பதாம் நாள் திரும்பினார், தாங்க முடியாத குளிரில் நடந்த வீரர்களுக்கு ஆளுக்கு 200 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வாக்களித்தார் என்கிறார். ஊர்களை இழந்த கர்நூட்கள் என்ற காலிய இனத்தார் கூரையில்லாமல் புயலில் சிதறியதையும் எழுதியிருக்கிறார். எதிரிக்கும் குளிரும் என்பதை இவர் பார்த்திருக்கிறார்.

நண்பருக்கு நான் சொன்னது: மகளுக்கு இதை முதல் புத்தகமாக வாங்காதீர்கள். குளிர்காலம் இல்லாமல் ஒரு போரைப் படித்தால், தானியமும் கூரையும் அதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியாமலே போய்விடும். முதலில் டாசிட்டஸ் கொடுங்கள். ஐந்தாம் பாகத்தை மட்டும் என் வீட்டுக்கு வந்து படிக்கட்டும். இந்தப் பிரதியை வெளியே கொடுக்க மாட்டேன்.

பைண்டர் நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டிருக்கிறார். நல்ல வேலை. ஒரே வருத்தம், இப்போது அது தானாக ஐந்தாம் பாகத்தில் திறப்பதில்லை.