இரண்டு ஒத்தெல்லோக்கள்: ஓர் இணைய அரங்கு மதிப்புரை

லண்டனின் நேஷனல் தியேட்டர் 2020 டிசம்பரில் தொடங்கிய 'நேஷனல் தியேட்டர் அட் ஹோம்' என்னும் இணையச் சேவையில், ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தின் இரு மேடைப் பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று 2013இல் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கியது. மற்றது 2022இல் கிளின்ட் டையர் இயக்கியது. சந்தா செலுத்தியும் தனி நாடகமாக வாடகைக்கு எடுத்தும் பார்க்கலாம். நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலத்தைக் காதால் மட்டும் தொடர்வது கடினமாகையால், ஆங்கில எழுத்துரையை இயக்கிக்கொள்வது நல்லது.

வெனிஸின் கறுப்பினப் படைத்தலைவன் ஒத்தெல்லோவை, அவன் கீழ்ப் பணிபுரியும் இயாகோ மனைவிமேல் ஐயம் கொள்ளவைத்து அழிப்பதே கதை. நாடகத்தின் முதற்காட்சியில் ஒத்தெல்லோவின் பெயரை யாருமே உச்சரிப்பதில்லை. 'மூர்' (கறுத்த நிறத்து ஆப்பிரிக்கர்களை அக்கால ஐரோப்பியர் குறித்த சொல்) என்றும் 'தடித்த உதடன்' என்றும்தான் அவன் அறிமுகமாகிறான். நள்ளிரவில் ஒத்தெல்லோ மணந்த பெண்ணின் தந்தையான பிரபான்ஷியோவின் வீட்டு வாசலில் நின்று, கறுத்த கிடா ஒன்று உம்முடைய வெள்ளை ஆட்டைப் புணர்கிறது என்று இயாகோ கூவுகிறான். அதுவரை ஒத்தெல்லோவை அன்போடு வீட்டுக்கு அழைத்து அவனது போர்க்கதைகளைக் கேட்டு வந்த அந்தத் தந்தை, மகள் அவனை மணந்தாள் என்றறிந்ததும், மருந்தாலும் மந்திரத்தாலும் மயக்கிவிட்டான் என்று ஆட்சி மன்றத்தில் முறையிடுகிறார். வெனிஸுக்கு அவன் படைத்தலைவனாகத் தேவைப்படுகிறான், மருமகனாக அல்ல. அவனுக்காகப் பரிந்து பேசும் வெனிஸின் ஆட்சித்தலைவரான கோமகன்கூட, உம் மருமகன் கறுப்பைவிட வெண்மை மிக்கவர் என்றுதான் புகழ்கிறார். எனக்கு இயாகோவின் வசையைவிட இந்தப் புகழ்ச்சியே அதிகம் உறுத்துகிறது.

ஹைட்னர் கதையை இக்காலப் படைமுகாமுக்குக் கொண்டுவருகிறார். ரோரி கின்னியரின் இயாகோ, பதவி உயர்வு கைநழுவிப்போன ஒரு படைவீரனின் கசப்பைக் கொட்டுகிறான். காமிரா அவன் முகத்தை நெருங்கும்போது, அரங்கின் பின்வரிசையில் கிடைக்காத நுணுக்கங்கள் தெரிகின்றன. ஏட்ரியன் லெஸ்டரின் ஒத்தெல்லோ நிதானம் இழந்து சிதையும் விதம் அபாரம். (1833இல் லண்டன் கோவென்ட் கார்டனில் இப்பாத்திரத்தை ஏற்ற கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜாக லெஸ்டர் 2012இல் வேறொரு நாடகத்தில் நடித்திருந்தார்.) ஆனால் இந்த ஆக்கத்தில் நிறவெறி முதல் அங்கத்தோடு பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறது, எஞ்சுவது படைமுகாமின் ஆண்களிடையே முளைக்கும் பொறாமைக் கதை. 'நான் கறுப்பன் என்பதாலோ' என்று மூன்றாம் அங்கத்தில் ஒத்தெல்லோ தன்னையே ஐயுறும் வரி, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கடந்துபோகிறது.

டையர் அந்த வரியிலிருந்தே நாடகத்தை எழுப்பியதுபோல் தோன்றுகிறது. தொடக்கத்திலேயே முந்தைய 'ஒத்தெல்லோ' ஆக்கங்களின் படங்கள் மேடையில் ஒளிவீழ்த்தப்படுகின்றன. இதே நேஷனல் தியேட்டர் குழுவில் 1964இல் வெள்ளையின நடிகர் லாரன்ஸ் ஒலிவியே உடலெங்கும் கருமை பூசிக்கொண்டு நடித்ததை அறிந்தவர்களுக்கு, இது நிறுவனம் தன் கடந்தகாலத்தை எதிர்கொள்ளும் காட்சியாகவே படும். கைல்ஸ் டெரேராவின் ஒத்தெல்லோ முதுகில் தழும்புகளைச் சுமக்கிறான். அடிமையாக விற்கப்பட்டதாக மூலத்தில் அவன் ஒரே வரியில் சொல்லிச் செல்வது இங்கே உடலாகக் கண்முன் நிற்கிறது. படிக்கட்டுகளில் அமர்ந்து இயாகோவின் எண்ணங்களுக்கு அசைந்துகொடுக்கும் கூட்டத்துக்கு 'அமைப்பு' என்றே பெயர். வெறுப்பு ஒருவனுடைய குணக்கேடு மட்டுமல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எனினும் அந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு: பால் ஹில்டனின் இயாகோ முதல் நொடியிலிருந்தே வெளிப்படையான கொடியவன். இவனை எல்லாரும் 'நேர்மையான இயாகோ' என்று நம்புவது எப்படி என்ற கேள்வி கடைசிவரை விடுவதில்லை. முழு மேடையையும் ஒருசேரக் காண வேண்டிய இந்த ஆக்கத்தில், அண்மைக் காட்சிகள் பல இடங்களில் அக்கூட்டத்தை வெட்டிவிடுகின்றன.

நடிப்புக்காக ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் 2013இன் பதிவைப் பரிந்துரைப்பேன். நிறப்பாகுபாட்டை இந்த நாடகம் எப்படிக் கையாள்கிறது என்பதே கேள்வியானால், 2022இன் பதிவைத் தவிர்க்க இயலாது. மூலத்தின் முதல் அங்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு அதைத் தொடங்குங்கள்.