ஓப்பன்ஸ்டாக்கில் டிஆர் சேவை: டேட்டா சரியாகப் போகிறது, மெஷின்தான் வேறொன்றாகிவிடுகிறது

ஓப்பன்ஸ்டாக் (கிளவுட் அமைக்க உதவும் திறந்தமூல மென்பொருள்) வைத்துக் கிளவுட் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்: "வாடிக்கையாளர்களுக்கு டிஸாஸ்டர் ரெக்கவரியை (டிஆர், அதாவது ஒரு சைட் விழுந்தால் இன்னொன்றில் எழுப்புவது) தனிச் சேவையாகவே கொடுக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் ரொம்ப நாளாகக் கொடுக்கிறீர்களே, எப்படிப் போகிறது?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது பலரிடமும் இருக்கும் அமைப்புதான். இரண்டு சைட், இரண்டிலும் தனித்தனி ஓப்பன்ஸ்டாக், அடியில் டேட்டாவை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் மென்பொருளான செஃப், நடுவில் அதன் டிஸ்க் இமேஜ்களை மறு சைட்டுக்கு நகலெடுக்கும் ஆர்பிடி மிரரிங்.

செஃப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 2016-ல் ஜூவல் பதிப்பில் மிரரிங் வந்தபோது ஜர்னல் முறை மட்டும்தான் இருந்தது. எழுதுவதெல்லாம் முதலில் ஜர்னலுக்குப் போய், அப்புறம்தான் இமேஜுக்குப் போகும். வேகம் அடி வாங்கும். 2020-ல் ஆக்டோபஸ் பதிப்பு ஸ்னாப்ஷாட் முறையை (அவ்வப்போது இமேஜின் நிலையைப் பதிந்து, மாறியதை மட்டும் அனுப்புவது) கொண்டுவந்த பிறகு அந்தத் தலைவலி போயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் நிதானம். ஒரு சைட் விழுந்து, மறுபக்கத்தை வலுக்கட்டாயமாக ப்ரொமோட் செய்கிறோம் (முதன்மையாக்குகிறோம்) என்று வையுங்கள். பாதி வந்த ஸ்னாப்ஷாட்டைத் தள்ளிவிட்டு, முழுதாக வந்து சேர்ந்த கடைசி நிலைக்குத் திரும்பிவிடும். பழைய சைட் எழுந்து வந்ததும் தானாக எதையும் மேலெழுதாது. ஸ்ப்ளிட் பிரெயின் (இரண்டு பக்கமும் வேறுவேறாகிவிட்டன) என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று நாம் முடிவு செய்யும்வரை காத்திருக்கும். நெருக்கடி நேரத்தில் ஒரு மென்பொருள் இப்படி நடந்துகொள்வது சாதாரண விஷயமில்லை.

ஒன்றை மட்டும் விற்பனை ஆட்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் என்றால் ஆர்பிஓ (அதிகபட்சம் எவ்வளவு நேரத்து டேட்டா போகலாம் என்ற கணக்கு) 5 நிமிடம் ஆகிவிடாது. ஸ்னாப்ஷாட் மறுபக்கம் முழுதாகப் போய்ச் சேரும் நேரத்தையும் கூட்ட வேண்டும். இரவு பேக்கப் ஓடும்போது அந்த நேரம் நன்றாகவே நீளும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஓப்பன்ஸ்டாக்கில் வால்யூம்களை (டிஸ்க்குகளை) கவனிக்கும் சிண்டரிலேயே ரெப்ளிகேஷன் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஃபெயிலோவர் ஹோஸ்ட் என்ற அந்தக் கட்டளை நிர்வாகிக்கானது, ஒரு பேக்கெண்டை (அடியிலுள்ள ஸ்டோரேஜை) மொத்தமாக மறுபக்கம் தள்ளுவது. ஒரே ஒரு வாடிக்கையாளர் "என்னுடையதை மட்டும் மாற்றுங்கள்" என்றால் அதில் வழியில்லை. சேவையாகக் கொடுப்பது என்றாலே ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய முடிய வேண்டும் அல்லவா? ஓப்பன்ஸ்டாக்கின் இன்னொரு பகுதியான மசகாரி இதற்கு விடையே இல்லை. ஒரே கிளவுடுக்குள் ஹோஸ்ட் (சர்வர்) விழுந்தால் விஎம்மை (விர்ச்சுவல் மெஷினை) வேறு ஹோஸ்டில் எழுப்புவதுதான் அதன் வேலை. டேட்டா பாதுகாப்புக்கென்று இருந்த கார்போர் திட்டத்துக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதனால் மிஞ்சுவது கைவேலை. மறுபக்க சிண்டருக்கு அந்த வால்யூம் இருப்பதே தெரியாது. இமேஜை ப்ரொமோட் செய்து, வால்யூம் மேனேஜ் கட்டளை மூலம் சேர்க்க வேண்டும். சேர்த்த உடனே புது யுயுஐடி (அடையாள எண்) கொடுத்து, செஃப்பில் இருக்கும் இமேஜின் பெயரையும் அதற்கேற்ப மாற்றிவிடுகிறது. வாடிக்கையாளரின் டெராஃபார்ம் (கிளவுட் அமைப்பை நிர்வகிக்கும் கருவி) ஸ்டேட் பழைய ஐடியையே தேடிக்கொண்டிருக்கும். ப்ராஜெக்ட், நெட்வொர்க், செக்யூரிட்டி குரூப், எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் வேறு ஐடி. எது எதற்குச் சமம் என்ற பட்டியலை நாமே வைத்துக் காப்பாற்ற வேண்டும். திரும்பி வரும்போது இதே வேலை இன்னொரு தடவை.

இதுகூடப் பொறுக்கலாம், ஸ்கிரிப்ட் எழுதிச் சமாளித்துவிட்டோம். பொறுக்க முடியாதது விஎம் பூட் ஆகும் அந்த நிமிடம். புது நோவாவில் (விஎம்களை ஓட்டும் ஓப்பன்ஸ்டாக் பகுதி) எழுப்புவதால் இன்ஸ்டன்ஸ் ஐடி புதிது. விஎம்முக்குள் இருந்து முதல் பூட் அமைப்பு வேலைகளைச் செய்யும் கிளவுட் இனிட் அதைப் பார்த்து, இது இப்போதுதான் பிறந்த மெஷின் என்று முடிவுகட்டுகிறது. மெஷினின் அடையாளமான எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளை அழித்துப் புதிதாக உருவாக்குகிறது. உள்ளே போக முயலும் ஒவ்வொரு ஆட்டோமேஷனும் ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. பேரிடர் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ நடுவில் புகுந்துவிட்டார்களோ என்ற பயத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுகிறது.

இதைவிட ஆபத்து வாடிக்கையாளர் கொடுக்கும் யூசர் டேட்டா ஸ்கிரிப்ட். பழைய யூசர் டேட்டாவையே கொடுத்து எழுப்பினால், முதல் பூட்டுக்காக எழுதியது மறுபடி முதலிலிருந்து ஓடும். அதில் டேட்டா டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் வரி ஒன்று இருந்தால்? செஃப் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த டேட்டாவை ஒரு எம்கேஎஃப்எஸ் (ஃபார்மட் கட்டளை) துடைத்துவிடும். டிரில்லில் ஒரு வாடிக்கையாளரின் ஸ்கிரிப்டில் அப்படி ஒரு வரியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாற்று வழிகள் உண்டு. நெட்வொர்க் பகுதியான நியூட்ரானில் அதே மேக் முகவரி, அதே ஐபி வைத்து போர்ட்டை முன்கூட்டியே உருவாக்கி வைக்கலாம். கீகளை அழிக்காதே என்று கிளவுட் இனிட் அமைப்பில் எழுதி வைக்கலாம். ஆனால் அந்த அமைப்பு வாடிக்கையாளரின் விஎம்முக்குள் இருக்கிறது. அங்கே நாம் கை வைக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் கேட்டு, செய்தார்களா என்று பின்தொடர வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள். அடித்தளம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது இப்படிச் சொல்வது எனக்கே உறுத்துகிறது, இன்னொருநாள் கேட்டால் வேறு மாதிரிகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் பட்டனை வாடிக்கையாளர் தானே அழுத்த முடியாத ஒன்றைச் சேவை என்று விலைப்பட்டியலில் போட மனம் வரவில்லை. விற்றே தீர வேண்டும் என்றால், மெஷினைத் தன் கையால் நிர்வகிக்கத் தெரிந்த இரண்டொருவருக்கு மட்டும் கொடுங்கள். அவர்களிடமும் கையெழுத்து வாங்கும் முன் யூசர் டேட்டாவை வாங்கி வரி வரியாகப் படியுங்கள்.