தரையை உடைக்காம சாக்கடை பைப்புக்குள்ள லைனிங் - கும்பகோணம் பழைய வீட்டுல போட்டுப் பார்த்தது

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கம் பழைய வரிசை வீடு வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க. எங்க வீட்டுல டாய்லெட், பாத்ரூம், கிணத்தடி எல்லாம் கொல்லையில, அங்கேர்ந்து 6 இன்ச் ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப் முற்றம், கூடம், ரேழி, திண்ணைன்னு மொத்த வீட்டுக்கும் அடியில ஓடி தெரு பாதாள சாக்கடையில சேருது. அப்பா காலத்து பைப். மழை ஆரம்பிச்சா அடைப்பு, கூடத்துல நாத்தம், தரை ஓரமெல்லாம் ஈரம். பார்த்த பிளம்பர் எல்லாரும் கூடத்தை உடைக்கணும்னுதான் சொன்னாங்க, அந்த செவப்பு ஆக்சைடு தரையை உடைச்சா திரும்ப அதே பளபளப்புக்கு போட இப்ப கொத்தனார் எங்க கிடைக்கிறாரு, எனக்கு மனசே வரல.

அப்பதான் திருச்சியிலேர்ந்து லைனிங் போடற ஒரு டீமை கூப்பிட்டோம். முதல்ல ஜெட்டிங் பண்ணி, அதாவது வேகமா தண்ணி பீச்சி அடிச்சு, சுத்தம் செஞ்சு கேமரா விட்டாங்க. மூட்டு மூட்டா சிமெண்ட் விட்டுப்போயி அது வழியா முருங்கை வேர் கொத்தா உள்ள வந்திருக்கு. நம்ம டெல்டா களிமண்ணு தண்ணி பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும், வருசா வருசம் இப்படி அசைஞ்சா மூட்டு எப்படி தாங்கும். வேரையெல்லாம் வெட்டி எடுத்துட்டு, ரெசின்ல (சூடு பட்டா இறுகற பசை) ஊறவச்ச துணிக்குழாயை, இதைத்தான் லைனர்ங்கறாங்க, காத்தழுத்தத்துல உள்ள தள்ளினாங்க, சட்டைக் கையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புவோமே அப்படி திரும்பிக்கிட்டே போயி பழைய பைப் சுவத்துல ஒட்டிக்கிது. அப்புறம் ஸ்டீம் விட்டு சூடு பண்ணினா கல்லு மாதிரி இறுகிடுது. காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் தண்ணி விட்டுட்டாங்க. பழைய பைப்புக்குள்ளயே மூட்டே இல்லாத புது பைப், சில மில்லிமீட்டர் கனம்தான், உள்ள வழவழன்னு இருக்கறதால தண்ணி முன்னவிட நல்லா ஓடுது. இது ஏதோ நேத்து வந்த வித்தைன்னு பயப்பட வேண்டாம், 1971லயே லண்டன்ல எரிக் உட்னு ஒரு இன்ஜினியர் செஞ்சு காட்டினது.

எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்தது என்னன்னா ஒரு ஆளு கூட சேம்பருக்குள்ள (சாக்கடை தொட்டி) இறங்கல. பாதுகாப்பு கருவி இல்லாம சாக்கடைக்குள்ள மனுசனை இறக்கக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு, இன்னும் விஷவாயு தாக்கி சாவு செய்தி வந்துகிட்டேதான் இருக்கு. யாரை வேலைக்கு கூப்பிட்டாலும் ஆள் இறங்குவாங்களான்னு முதல்லயே கேளுங்க, ஆமான்னா அனுப்பிடுங்க.

குறைன்னா வாடைதான். பாலியெஸ்டர் ரெசின், அதுல ஸ்டைரீன் இருக்கு, பெயிண்டு தின்னர் மாதிரி நெடி. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லல. முற்றத்துல இருந்த டிராப்ல (சாக்கடை வாடை மேல ஏறாம தண்ணி தேங்கி நின்னு தடுக்கற வளைவு) தண்ணி காஞ்சு கிடந்திருக்கு, அது வழியா நெடி வீட்டுக்குள்ள ஏறி அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துடுச்சு, பக்கத்து வீட்டு அத்தைதான் அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. கேட்டா "சார் நாளைக்கு போயிடும்"ங்கறாங்க. வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா அன்னிக்கு வேற வீட்டுல இருக்கட்டும், எல்லா டிராப்லயும் தண்ணி ஊத்தி வைங்க, இல்ல காசு கூட ஆனாலும் எப்பாக்சி ரெசின் கேளுங்க, அதுல ஸ்டைரீன் கிடையாது.

இன்னொண்ணு, எல்லா பைப்புக்கும் இது ஆகாது. இடிஞ்சு மண்ணு மூடியிருந்தா லைனர் போகாது, அங்க மட்டுமாவது தோண்டித்தான் ஆகணும். பைப் எங்கயாவது தொங்கிப்போயி பள்ளமா இருந்தா லைனரும் அதே பள்ளத்துலதான் படுக்கும், எங்க ரேழிக்கு அடியில கொஞ்சம் அப்படி இருக்கு, அங்க தண்ணி நிக்கிது, இதை சூப்பர்வைசர் கேமரா பார்த்தப்பவே சொல்லிட்டாரு, அது நேர்மை.

செலவு தோண்டறதைவிட அதிகம்தான். ஆனா தரை உடைச்சு திரும்பப் போடற கூலி, சாமான், அத்தனை நாள் வீட்டை விட்டுட்டு வெளிய இருக்கறது எல்லாம் கூட்டிப் பார்த்தா எங்களுக்கு பெரிய வித்தியாசம் இல்ல. கோடையில பண்ணுங்க, ஆத்துல வாய்க்கால்ல தண்ணி வந்து கிணறு ஏறிட்டா மூட்டு வழியா ஊத்துத்தண்ணி கசிஞ்சு ரெசினை கெடுத்துடும். லைனர் போட்டதும் கிணத்தடி, சமையல்கட்டு இணைப்பெல்லாம் மூடிடும், கட்டர் விட்டு ஒவ்வொண்ணா திறக்கணும். எங்களுக்கு கிணத்தடி வாயை பாதிதான் திறந்திருந்தாங்க, கடைசி வீடியோவுல நான் பார்த்து சொன்னப்புறம் சரி பண்ணினாங்க. முடிஞ்சதும் அந்த வீடியோவை முழுசா போட்டுப் பாருங்க, ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு வாளி தண்ணி ஊத்தி தெரு சேம்பர்ல வருதான்னு பார்த்துட்டு அப்புறம் மீதி பணத்தை குடுங்க.